பன்றிச் சிற்பத்தின் காலடியில் ஒரு பிரதிஷ்டை

1988 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை. கிழக்கு ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரம். புராட்டஸ்டன்ட் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் பல பத்தாண்டுகள் பிரசங்கம் செய்த புனித மரியாள் ஆலயத்தின் தென்கிழக்கு மூலையில், தரையோடு தரையாக ஒரு சதுர வெண்கலப் பலகை பதிக்கப்பட்டு அர்ப்பணிக்கப்பட்டது. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களை நினைவுகூரும் சின்னம் அது. அதே இடத்தில் நின்று தலையை நிமிர்த்தினால், சுமார் 4 மீட்டர் உயரத்தில் ஆலயச் சுவரில் இன்னொரு சிற்பம் தெரியும். யூதர்களை இழிவுபடுத்துவதற்கென்றே 1290 வாக்கில் மணற்கல்லில் செதுக்கி வைத்தது. கீழே பலகையைப் பதித்தவர்கள் மேலே இருந்ததை எடுக்கவில்லை.

33 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் 14 அன்று, சிவில் வழக்குகளில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமான கூட்டாட்சி நீதிமன்றம் இந்த மூலையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு முழுவதும் ஒரு தேதியைச் சுற்றியே நிற்கிறது. 1988 நவம்பர் 11 வரை அந்தச் சிற்பம் சட்டவிரோதமானது. அன்றைக்குப் பிறகு அப்படி இல்லை. ஒரு கல்லும் நகரவில்லை, ஓர் எழுத்தும் அழிக்கப்படவில்லை. ஓர் அர்ப்பணிப்பு விழா நடந்தது, அவ்வளவுதான்.

ஓர் அர்ப்பணிப்பால் அவ்வளவு செய்ய முடியுமா? இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டது இந்தக் கேள்விக்காகத்தான்.

மேலே இருப்பது

சிற்பத்தை விவரிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் விவரிக்காமல் விட்டால் விஷயம் விளங்காது. ஒரு பெண் பன்றி நிற்கிறது. கூர்த்தொப்பி வைத்த இரண்டு பேர் அதன் முலைக்காம்புகளில் பால் குடிக்கிறார்கள். அந்தத் தொப்பிதான் அவர்களை யூதர்கள் என்று அடையாளம் காட்டுகிறது. பின்பக்கம் அதே மாதிரித் தொப்பி வைத்த ஒருவர் பன்றியின் வாலைத் தூக்கி அதன் ஆசனவாய்க்குள் பார்க்கிறார். பன்றி இறைச்சியைத் தொடாத ஒரு மக்களைப் பன்றிக்குப் பிறந்தவர்களாகக் காட்டுவதுதான் நோக்கம்.

மத்திய கால ஐரோப்பாவில் இது ஒரு தனி சிற்ப வகையாகவே இருந்தது. ஜெர்மன் மொழியில் அதற்கு ‘யூடன்ஸாவ்’ என்று பெயர், யூதப் பன்றி என்று பொருள். ரேகன்ஸ்பூர்க் பேராலயத்தில் இருக்கிறது, கொலோன் பேராலயத்தின் பாடகர் இருக்கைகளில் மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். இப்படிப் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன. ஆனால் விட்டன்பெர்க்கில் இருப்பதற்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு விளக்கவுரை உண்டு. அதை எழுதியவர் லூதர்.

1523-ல் லூதர் யூதர்களைப் பரிவோடு நடத்த வேண்டும் என்று எழுதியவர்தான். இருபது ஆண்டுகளில் மனிதர் முற்றிலும் மாறிவிட்டார். 1536-ல் சாக்சனியின் ஆட்சியாளர் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்ற உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு யூதர்களின் பிரதிநிதியான ரோஸ்ஹைம் ஊர் யோசல் லூதரின் உதவியைக் கேட்டார், லூதர் மறுத்துவிட்டார். 1543-ல் யூதர்களுக்கு எதிராக நூல்களே எழுதினார். ஒன்றில் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்னார். இன்னொன்றில் தன் ஆலயச் சுவரிலிருக்கும் இந்தப் பன்றியையே எடுத்துக்கொண்டு, பின்னால் நிற்பவர் ஒரு ரபி, அதாவது யூத மதகுரு என்றும், அவர் பன்றியின் பின்புறத்தில் யூதர்களின் மறைநூலான தல்மூதைத்தான் வாசிக்கிறார் என்றும் எழுதினார்.

அந்த இரண்டாவது நூலின் தலைப்பிலேயே ‘ஷெம் ஹம்ஃபோராஸ்’ என்ற சொற்கள் இருக்கின்றன. யூத மரபில் கடவுளின் உண்மையான, வெளிப்படையான பெயரைக் குறிக்கும் தொடர் அது. பக்தியுள்ள யூதர் அந்தப் பெயரை உச்சரிப்பதில்லை. ஜெபத்தில் ‘ஆண்டவர்’ என்று சொல்வார், பேச்சில் வெறுமனே ‘அந்தப் பெயர்’ என்பார். லூதர் அந்த எபிரேயச் சொற்களைக் கோணலாக்கி, மலத்தைக் குறிக்கும் சொல்லாகத் திருப்பிக் கேலி செய்தார். அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1570-ல், சிற்பத்துக்கு மேலே அதே சொற்களைப் பொறித்தார்கள். அதுவரை யூதர்களைக் கேலி செய்துவந்த கல், அன்றிலிருந்து அவர்களுடைய கடவுளின் பெயரையும் சேர்த்துக் கேலி செய்தது. பெயர் வைத்தே ஒரு கல்லுக்கு இவ்வளவு வன்மத்தை ஏற்ற முடியும் என்று இதைப் படிக்கும் வரை நான் நினைத்ததில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 1938 நவம்பர் 9 இரவும் 10-ஆம் தேதியும் ஜெர்மனி முழுக்க ஜெப ஆலயங்கள் எரிந்தன. நவம்பர் 10 லூதரின் பிறந்த நாள். துரிங்கியா மாநிலப் புராட்டஸ்டன்ட் பிஷப் மார்ட்டின் ஸாஸ அந்தப் பொருத்தத்தைக் கொண்டாடி, லூதரின் யூத எதிர்ப்பு வாசகங்களைத் தொகுத்துச் சிறு பிரசுரமே வெளியிட்டார். 1946-ல் நியூரம்பெர்க் விசாரணையில், நாஜிப் பத்திரிகையாளர் யூலியுஸ் ஷ்ட்ரைக்கர் தன் தற்காப்பில், இன்று லூதர் உயிரோடு இருந்தால் அவரும் இந்தக் கூண்டில் நிற்பார் என்கிற பொருளில் பேசினார். தண்டனையிலிருந்து தப்பப் பார்த்தவரின் பேச்சுதான், இருக்கட்டும். ஆனால் அவர் கைக்கு அந்த எழுத்து கிடைத்தது என்பது உண்மை.

1983-லிருந்து 1988 வரை

போர் முடிந்த பிறகும் அந்த மூலையில் ஒரு சிறு அறிவிப்புப் பலகைகூட வைக்கப்படவில்லை. 1983 லூதரின் 500-ஆவது பிறந்த ஆண்டு. ஆலயத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. பன்றிச் சிற்பத்தை என்ன செய்வது என்று சபையின் நிர்வாகக் குழு முடிவெடுக்க வேண்டிய கட்டம். எடுத்துவிடலாம், அப்படியே சிதைய விடலாம், புதுப்பிக்கலாம். குழு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது. மற்றச் சிற்பங்களைப் போலவே பன்றியையும் சுத்தம் செய்து, சீர் செய்து, இருந்த இடத்திலேயே விட்டார்கள். சேற்றைக் கழுவியதும் பன்றி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கும். இதை ஒப்புக்கொள்ளாமல் 1988-ஐப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு உலக லூதரன் சபைகள் வேறு ஒரு காரியமும் செய்தன. ஸ்டாக்ஹோமில் யூதப் பிரதிநிதிகளோடு நடந்த சந்திப்பில், லூதர் யூதர்களைப் பற்றி எழுதிய வசைகளை ஏற்க முடியாது, அவற்றுக்காக வருந்துகிறோம் என்று லூதரன் தரப்பு அறிவித்தது. தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு சாக்சனியில் பிறந்து, விட்டன்பெர்க்கிலிருந்து வெகுதூரமில்லாத ஹாலேயில் படித்தவர். அவர் வழி வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்த உலகக் குடும்பத்தில் ஒன்று. ஆகவே இது ஏதோ தூரத்து வீட்டுச் சண்டை என்று தமிழ் லூதரன்கள் நினைக்க வேண்டியதில்லை.

சபைக்குள் மனசாட்சி உறுத்தியது. 1938 வன்முறையின் 50-ஆவது ஆண்டு நெருங்கியபோது, சிற்பத்தின் கீழே ஒரு நினைவுச் சின்னம் வைப்பது என்று முடிவாயிற்று. சிற்பி வீலாண்ட் ஷ்மீடல் வடிவமைத்தார். வாசகத்தை எழுதியவர் பெர்லின் கவிஞர் யூர்கன் ரென்னர்ட். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷிலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தவர், யூத இலக்கியத்தோடு நெருங்கிப் பழகியவர்.

அந்த நாட்களின் சூழலையும் பார்க்க வேண்டும். கிழக்கு ஜெர்மனி தன்னைப் பாசிசத்தை எதிர்த்தவர்களின் நாடு என்று சொல்லிக்கொண்டது. அரசு எழுப்பிய நினைவிடங்கள் பெரும்பாலும் ‘பாசிசத்துக்குப் பலியானவர்கள்’ என்று பொதுவாகப் பேசின. யூதர்கள் என்ற சொல் அவற்றில் பின்னுக்குப் போயிற்று. யூதப் படுகொலைக்குத் தங்களுக்கும் பொறுப்புண்டு என்று கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் அறிவித்தது 1990 ஏப்ரலில்தான், அதுவும் சுவர் விழுந்து சுதந்திரத் தேர்தல் நடந்த பிறகு. ஆனால் 1988 இலையுதிர் காலத்தில் அரசின் போக்கில் ஒரு மாற்றம் தெரிந்தது. அக்டோபரில் உலக யூத காங்கிரஸ் தலைவர் எட்கர் பிரான்ஃப்மனைக் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கர் வரவேற்றார். நவம்பர் 10-ல் கிழக்கு பெர்லினில் ‘புதிய ஜெப ஆலயம்’ என்று பெயர் கொண்ட பழைய யூத ஆலயத்தைச் சீரமைக்க அடிக்கல் நாட்டினார்கள். அதே நாள், எல்லைக்கு அப்பால், மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றத் தலைவர் ஃபிலிப் யெனிங்கர் 1938-ஐ நினைவுகூர்ந்து ஆற்றிய உரை பெரும் சர்ச்சையாகி, மறுநாள் அவர் பதவி விலகினார். அந்த மறுநாள்தான் விட்டன்பெர்க்கில் அர்ப்பணிப்பு. லூதருக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளும் அதுவே.

கீழே இருப்பது

பலகையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தரையில் ஒரு பள்ளத்தை மூட நான்கு மிதிபலகைகளை அடுத்தடுத்து வைத்ததுபோல வெண்கலத்தில் வார்த்திருக்கிறார் ஷ்மீடல். பலகைகள் சரியாக உட்காரவில்லை. அடியிலிருந்து ஏதோ ஒன்று பொங்கி, பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியாகப் பிதுங்கி வருகிறது. நான்கு பலகைகளுக்கு இடையில் இரண்டு இடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுமல்லவா? அப்படிப் பிதுங்கி வந்தது ஒரு சிலுவையாகி நிற்கிறது.

மூடி மறைக்கப் பார்த்தார்கள், மூட முடியவில்லை. மேலே வந்த குற்றம் சிலுவை வடிவத்தில் வந்தது. ஒரு கிறிஸ்தவ ஆலயம் தன் காலடியில் இப்படி ஒன்றைப் பதிக்கச் சம்மதித்தது சாதாரண விஷயம் இல்லை. நினைவுச் சின்னங்கள் பெரும்பாலும் இறந்தவர்களை உயர்த்திப் பேசிவிட்டு, கொன்றவர்களை மறந்துவிடும். இது கொன்றவர்களின் பக்கம் நின்று தன்னையே காட்டிக்கொடுக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஷ்மீடலின் வேலையை நான் மதிக்கிறேன்.

பலகையில் எபிரேய எழுத்தில் 130-ஆம் சங்கீதத்தின் தொடக்கம் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் வரிதான்: “கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்.” பன்றியின் அடியில், தரையின் ஆழத்திலிருந்து, யூதர்களின் மொழியிலேயே அந்தக் கூப்பாடு எழுகிறது.

ரென்னர்டின் ஜெர்மன் வாசகம் ஆறே வரிகள். அதன் சாரம் இது. கடவுளின் உண்மையான பெயர், இழிவுபடுத்தப்பட்ட அந்த ஷெம் ஹம்ஃபோராஸ், கிறிஸ்தவர்களுக்கு முன்பே யூதர்கள் சொல்லவும் தயங்குமளவு புனிதமாகப் போற்றிய பெயர், ஒரு சிலுவைக் குறியின் கீழே 60 லட்சம் யூதர்களில் இறந்தது.

மேலே உள்ள கேலிச் சொல்லைக் கீழே எடுத்து வந்து, அதற்கு அதன் உண்மையான பொருளைத் திருப்பிக் கொடுக்கிறது வாசகம். ‘ஒரு சிலுவைக் குறி’ என்பதில் ஒரு கூர்மை இருக்கிறது. ஜெர்மன் மொழியில் நாஜிச் சின்னத்தின் பெயரே ‘கொக்கிச் சிலுவை’தான். எந்தச் சிலுவையைச் சொல்கிறார்? நாஜிகளுடையதையா, ஆலய உச்சியில் இருப்பதையா? இரண்டையும்தான் என்று நான் வாசிக்கிறேன். ‘பாசிசத்துக்குப் பலியானவர்கள்’ என்று பேசிய நாட்டில் ‘60 லட்சம் யூதர்கள்’ என்று வெண்கலத்தில் எழுதியதற்கும் துணிவு வேண்டும்.

ஆனாலும் இரண்டு இடங்களில் இந்த வாசகம் என்னை நிறுத்துகிறது. ஒன்று, அந்த ‘இறந்தது’. கொல்லப்பட்டது என்று ஏன் எழுதவில்லை? இறப்பதற்கு ஆள் தேவையில்லை, கொல்வதற்குத் தேவை. நோயில் இறந்தவரைச் சொல்வதுபோல ஒரு சொல் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று இதைவிட ஆழமானது. கடவுளின் பெயர் அந்த 60 லட்சம் பேரில் இறந்தது என்பதை யூதர் சொல்வாரா? நம்பிக்கைக்காக உயிர் விடுவதை யூத மரபு ‘பெயரைப் பரிசுத்தப்படுத்துதல்’ என்கிறது. இறந்தவருக்காகச் சொல்லும் கதிஷ் ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த மகத்தான பெயர் உயர்வதாக, பரிசுத்தப்படுவதாக என்றுதான் அது தொடங்குகிறது. பிணத்தின் முன்னால் நின்று பெயர் வாழ்க என்று சொல்கிற மக்களிடம், உங்கள் சாவில் அந்தப் பெயரும் செத்துப்போயிற்று என்று சொல்கிறது பலகை. ரென்னர்ட் துக்கத்தோடும் வெட்கத்தோடும்தான் எழுதினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் இது கிறிஸ்தவர் ஒருவர் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லும் வாசகம். வழக்கும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து மோதுகிறது.

நீதிமன்றம்

2017-ல் சீர்திருத்த இயக்கத்தின் 500-ஆவது ஆண்டுக்கு உலகமே விட்டன்பெர்க்குக்கு வந்தபோது, பன்றியை எடுக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்தன. ஆலயத்தின் முன்னால் மௌனமாக நின்றார்கள். நகர மன்றம் சிற்பம் இருக்கட்டும் என்றது. அதற்கு அப்புறம் யூத சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவர் கேட்டது எளிமையானது: இந்தச் சிற்பம் யூதரான என்னை அவமதிக்கிறது, சுவரிலிருந்து எடுங்கள். அருங்காட்சியகத்தில் வைத்தால் அவருக்கு ஆட்சேபமில்லை.

2019 மே மாதம் டெசாவ் நீதிமன்றமும், 2020 பிப்ரவரியில் நௌம்பூர்க் மேல்நீதிமன்றமும் மறுத்துவிட்டன. வழக்கு கார்ல்ஸ்ரூவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயிற்று.

நீதிபதிகள் சிற்பத்தைப் பற்றி மழுப்பவில்லை. தனியாகப் பார்த்தால் அது கல்லில் செதுக்கிய யூத வெறுப்பு என்று தலைமை நீதிபதி விசாரணையிலேயே சொன்னார். யூத மக்களையும் அவர்களுடைய மதத்தையும் அது கேவலப்படுத்துகிறது என்பதையும் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டவிரோதமான ஒரு நிலையைச் சரிசெய்ய அகற்றுவது ஒன்றுதான் வழி என்று இல்லையாம். வெண்கலப் பலகையும், பக்கத்தில் வைத்த சாய்வான விளக்கப் பலகையும் சேர்ந்து சிற்பத்தின் பொருளையே மாற்றிவிட்டன. ‘ஷாண்ட்மால்’ ஒன்று ‘மான்மால்’ ஆகிவிட்டது என்றது நீதிமன்றம். முன்னதற்கு அவமானச் சின்னம் என்று பொருள், பின்னதற்கு எச்சரிக்கும் நினைவுச் சின்னம். ஜெர்மன் மொழியில் இரண்டும் ‘மால்’ என்ற ஒரே சொல்லில்தான் முடிகின்றன.

ஜெர்மனி யூதர்களின் மத்தியக் கவுன்சில் தலைவர் யோசெஃப் ஷூஸ்டர் தீர்ப்பின் தர்க்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றார். ஆனால் பலகையிலும் சரி, விளக்கத்திலும் சரி, அந்தச் சிற்பத்துக்கு எதிரான தெளிவான கண்டனம் ஒன்றுகூட இல்லை என்று சுட்டிக்காட்டினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பலகை துக்கப்படுகிறது, கவிதையாகப் பேசுகிறது. இந்தக் கல் பொய், இதை வைத்த நாங்கள் தவறு செய்தோம் என்று மட்டும் சொல்லவில்லை.

கற்களை எங்கே வைத்தார்கள்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் புதிய ஆலயத்தை அர்ப்பணிப்பதற்குப் ‘பிரதிஷ்டை’ என்று ஒரு சொல் உண்டு. கல்வெட்டில் தேதியோடு பொறிப்பார்கள், வருஷா வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகை நடத்துவார்கள். அந்தத் தொடர் தமிழ் வேதாகமத்திலேயே இருக்கிறது. யோவான் 10-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் ‘தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை’ வந்தது, அது மாரிகாலம் என்று வரும். யூதர்கள் இன்றும் விளக்கேற்றிக் கொண்டாடும் ஹனுக்காதான் அது. பிரதிஷ்டை என்பதுதான் ஹனுக்கா என்ற எபிரேயச் சொல்லுக்கும் பொருள்.

அந்தப் பண்டிகையின் கதை மக்கபேயர் முதல் நூலில் இருக்கிறது. லூதரும் தன் வேதாகமத்தில் இதைத் தள்ளுபடி ஆகமங்களில் ஒன்றாகச் சேர்த்து, படிக்கத் தகுந்தது என்று சொன்னவர்தான். கி.மு. 167-ல் அந்தியோகஸ் மன்னன் யூதர்களின் வழிபாட்டைத் தடை செய்து, எருசலேம் ஆலயப் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தினான். பன்றிகளைப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். மூன்று ஆண்டுகள் கழித்து யூதா மக்கபேயுவும் அவர் ஆட்களும் ஆலயத்தை மீட்டார்கள். மீட்டவுடன் பிரதிஷ்டை செய்துவிடவில்லை. தீட்டுப்பட்ட பலிபீடத்தை என்ன செய்வது என்று முதலில் உட்கார்ந்து யோசித்தார்கள். அது அங்கேயே நின்றால் தங்களுக்கு நிந்தையாக இருக்கும் என்று இடித்தார்கள். ஆனால் கற்களைத் தூக்கி எறியவில்லை. ஒரு தீர்க்கதரிசி வந்து வழி சொல்லும் வரை, ஆலய மலையிலேயே தகுந்த ஓர் இடத்தில் அந்தக் கற்களைப் பத்திரமாக வைத்தார்கள். அதன் பிறகு புதுப் பலிபீடம் கட்டி, அதற்குப் பிறகுதான் பிரதிஷ்டை.

விட்டன்பெர்க்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த வரிசைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. முதலில் பன்றியின் தீட்டை அகற்று, அப்புறம் அர்ப்பணி. 1988-ல் இரண்டாவது மட்டும் நடந்தது. முதலாவது நடக்காததால் இரண்டாவதன் தலையில் தாங்க முடியாத பாரம் ஏறிவிட்டது. மேலே இருக்கும் கல்லின் பொருளை என்றென்றைக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும் வேலை அந்தப் பலகைக்கு. கண் மட்டத்துக்கு மேலே இருப்பது தூரத்திலிருந்தே தெரியும். தரையில் இருப்பதைப் பார்க்கப் பக்கத்தில் வந்து குனிய வேண்டும்.

சிற்பம் இருக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துவிட்டால் சபை தன் குற்றத்தை ஒளித்ததாகிவிடும் என்கிறார்கள். கல் சுவரில் இருக்கும்வரைதான் பார்ப்பவருக்குக் கோபம் வரும், கேள்வி வரும். யூனெஸ்கோ 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த லூதர் நினைவிடங்களில் இந்த ஆலயமும் ஒன்று, தொல்பொருள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. இவற்றில் முதல் வாதம்தான் கனமானது. லூதரை நல்லவராக மட்டும் காட்டும் ஒரு சுத்தமான விட்டன்பெர்க் யாருக்கும் வேண்டாம்.

ஆனால் மக்கபேயர்கள் ஒளிக்கவில்லையே. உடைத்து மண்ணில் புதைக்காமல், ஆலய மலையிலேயே வைத்தார்கள். அகற்றுவதற்கும் மறைப்பதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2022 ஜூலையில் சபை அமைத்த நிபுணர் குழு ஏறத்தாழ இதையேதான் பரிந்துரைத்தது. சிற்பத்தைச் சுவரிலிருந்து எடுங்கள், ஆலயத்துக்கு அருகிலேயே ஒரு பாதுகாப்பான இடத்தில், தக்க விளக்கத்தோடு வையுங்கள் என்றது. அந்தப் பரிந்துரையைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

அக்டோபரில் சபையின் நிர்வாகக் குழு கூடியது. சிற்பம் இருந்த இடத்திலேயே இருக்கும், விளக்கங்களை மேம்படுத்துவோம் என்று முடிவு செய்தது.

1983-லும் அதே முடிவுதான். அப்போதிருந்தவர்கள் ஐந்து ஆண்டுகள் கழித்தாவது ஷ்மீடலையும் ரென்னர்டையும் அழைத்து, தங்கள் சிலுவை தரையைப் பிளந்துகொண்டு வெளியே வருவதைப் பார்க்கத் துணிந்தார்கள். அந்தத் துணிவை இன்னும் 4 மீட்டர் மேலே கொண்டுபோவதுதான் பாக்கி. சிற்பம் இறங்கினாலும் பலகை பொருளற்றுப் போகாது. அதன் வாசகம் பேசுவது பன்றியைப் பற்றி இல்லை, இழிவுபடுத்தப்பட்ட அந்தப் பெயரைப் பற்றித்தான். சுவரில் கல் பெயர்ந்த இடம் மட்டும் தெரியும். கீழே வெண்கலத்தில் எபிரேய எழுத்துகள், ஆழங்களிலிருந்து.